இடது பின் சக்கரத்தின் காற்று

2007 யூன் 4, திங்கள்

விடிய முன்பிருந்தே மழை. கார்க் கொட்டிலின் தகரம் ஒழுகவில்லை. நல்லது.

இன்று முடிவானது: மருமகள் சுகந்தியையும் பேத்தி ஆர்த்தியையும் 15ஆம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விடுவது. திருச்சியில் சுகந்தியின் சித்தி இருக்கிறார். அங்கே போனால் திரும்பி வருவதாக இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சென்ற மாதம் அவள் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்கு இரண்டு பேர் வந்து, புருசனின் நண்பர்கள் யார் யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் இந்தப் பயணம்.

வாடகை வான் பிடிக்கலாம் என்றேன்.

"வான் வேணாம் மாமா."

ஆட்களைத் தூக்கிப்போவது வெள்ளை வான்; வேறு நிறமென்றாலுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ரயிலில் போனாலும் கொழும்புக் கோட்டையில் இறங்கினால் வான்தான். ஆகவே என் மகன் ரவியின் கார்.

ரவி காணாமற்போய் வருகிற மாதம் ஒரு வருடம். கார் மட்டும் கிடைத்தது. அவிசாவளையில், இங்கே ஹற்றனுக்கு வரும் வீதியோரம், பூட்டிய இரும்புக்கடை ஒன்றின் முன்னால். பொலிசார் சில மாதம் வைத்திருந்து தந்தார்கள். காரை நிறுத்திவிட்டுத் தன் விருப்பப்படி எங்கோ போயிருக்கிறார் என்பது அவர்கள் முடிவு. கையெழுத்து வைத்து வாங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை.

பார்த்தவை: பற்றறி சரி. எண்ணெய் சரி. டயர் நான்கிலும் பக்கச் சுவரில் வெடிப்பு. நின்றே கெட்டிருக்கின்றன. இவை சாதாரண டயர் அல்ல, ரன்-ஃபிளாட். காற்று முழுவதும் போனாலும் தடித்த பக்கச் சுவரின் பலத்தில் கொஞ்சத் தூரம் ஓடும். அதனால் டிக்கியில் உபரிச் சக்கரமே கிடையாது. ரவி சொல்வான்: "அப்பா, இது வழியில நிக்காத கார்."

செய்ய வேண்டியவை:
டயர்.
காற்றளவி (பழையது துருப்பிடித்துவிட்டது).
கால் பம்ப்.
சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியா?
கண் சொட்டு மருந்து.

இருக்கையை இன்னும் நகர்த்தவில்லை. அவன் உயரம். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தால் என் கால் பிரேக்குக்கு எட்டுகிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடியும் அவன் கண்ணுக்கு வைத்தபடி. எனக்கு அதில் தெரிவது வீதி அல்ல, காரின் கூரைத் துணி. பிழை என்று தெரியும்.

யூன் 5, செவ்வாய்

மழை விட்டு வெயில். டயர் கடை.

கடைக்காரர் செபஸ்தி நல்ல வாயாடி. "சார், இந்த டயரு வேணும்னா கொழும்புக்கு ஆர்டர் போட்டுட்டு ஆடி மாசம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணும். நம்மகிட்ட சாதா டயருதான். அதே சைசு. மாட்டிக்கிட்டுப் போயிகிட்டே இருங்க."

சரி என்றேன். வேறு வழி?

மூன்று டயர் கழற்றும்வரை ஒன்றுமில்லை. இடது பின் டயரைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளிருந்து கரிய தூள் கொட்டியது. இரண்டு கை நிறைய இருக்கும்.

"என்னா சார், உள்ளுக்குள்ள பெக்டரி நடத்துறீங்களா? சல்லடை போட்டா டஸ்ட் தேயிலைன்னு பேக் பண்ணிரலாம்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். நினைக்க உடல் கூசுகிறது.

"காத்து இல்லாம ஓட்டியிருக்கீங்க சார். சந்தி வரைக்கும் ஓட்டுனா இப்படி அரையாது. ரொம்ப தூரம்."

"நான் ஓட்டேல்லை."

"அப்ப பேயா ஓட்டுச்சு?"

காரைத் திருப்பித் தந்தபோது அந்த டயரில் காற்று இருந்தது. பொலிசில் எவரோ ஓட்டையை அடைத்துக் காற்று அடித்திருக்க வேண்டும். செபஸ்தி ஆணி தேடினார், இல்லை. அப்படியானால் ஓட்டை எங்கே என்று பார்க்கும்படி நான் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"வீசிறவா சார்?"

"வேண்டாம். டிக்கியிலை போடுங்கோ."

பிறகு காற்று. செபஸ்தி: "எல்லாத்துக்கும் முப்பது ராத்தல்." பக்கத்தில் நின்ற லொறிச் சாரதி: "முப்பதா? மலையில எறங்குறப்ப கொழகொழன்னு ஆடும். நாப்பது அடிங்க, கல்லு மாதிரி நிக்கும்."

"ஒங்க லொறியில கெழங்கு போவுது அண்ணே. சாரு காருல சாருல்ல போறாரு."

"சாரும் கெழங்கும் ஒன்னுதான், உருண்டா."

மறுபடி சிரிப்பு. நான் நடுவில் ஒன்று, 32 என்றேன். ஏன் 32? தெரியாது. இருவரும் கோபிக்காத இலக்கம். செபஸ்தி ஊரைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டிவிட்டு, வெயிலில் நின்று அடித்தார்.

கை கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

யூன் 6, புதன்

கடும் குளிர். மூடுபனி. புதிய அளவியோடு கொட்டிலுக்குப் போனேன். மூன்றில் 28. இடது பின் 27.

முதலில் தோன்றியது: யாரோ வந்து காற்றைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கொட்டிலின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். மண்ணில் கால்தடம் தேடினேன். என் செருப்புத் தடம்தான். அதையே வேறு ஆளுடையதென்று எண்ணிக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு மெதுவாக உறைத்தது. நேற்று ஓடிச் சூடான டயருக்கு அடித்த 32. இன்று குளிர்ந்த டயரில் 28. வாயுவின் அமுக்கம் வெப்பநிலையோடு மாறும் என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதினேன். என் கொட்டிலில் நடந்தால் பேய்.

இடது பின்னில் ஒரு இறாத்தல் குறைவது அளவியின் பிசகாக இருக்கலாம், செபஸ்தியுடையதோ என்னுடையதோ. மூன்றாவது வாங்கினால் மூன்று சந்தேகம்.

சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருப்பது:
இருவர்: முன் 32, பின் 35.
முழுச் சுமை: முன் 35, பின் 42.

கேள்வி: இது ரன்-ஃபிளாட்டுக்கு எழுதியது. சாதாரண டயருக்கு அதே இலக்கமா, குறைவா, கூடவா? யோசித்தது: அதில் சுவரும் சுமையில் ஒரு பங்கு தாங்கும். இதில் காற்று மட்டும். ஆகவே அதே அளவான டயரில் குறைக்க நியாயமில்லை. கூட அடித்தால் ஈர வீதியில் பிடிப்புக் குறையும். ஆகவே ஒட்டியிருப்பதே. குளிர்ந்த டயரில் மட்டும் அளப்பது. இதை எழுத ஒரு நிமிடம். முடிவெடுக்கக் காலை முழுவதும்.

காரின் கையேட்டில் இன்னொன்று: காற்று இல்லாமல், மணிக்கு ஐம்பது மைலுக்கு மேற்படாமல், ஐம்பது மைல் தூரம் ஓடலாம்.

கொழும்பில் அவன் வேலைத்தலத்திலிருந்து அவிசாவளை அதற்குள் வரும்.

காற்றுப் போனால் எவரும் ஓரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்ப்பார்கள். ரவி கட்டாயம் பார்ப்பான், என் பிள்ளை. நிறுத்தவே இல்லை என்றால் பின்னால்

எழுத வேண்டாம்.

கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது எனக்குத் தெரியும். அடையாளம் காட்ட என்னைத்தான் கூட்டிப்போனார்கள். ஹற்றன் பக்கம். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

யூன் 7, வியாழன்

தூறல். பழைய டயரைக் கொட்டிலின் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். வீட்டுக்குள் ரப்பர் மணம். எனக்கு மட்டுமா?

சுகந்தியிடம் சொல்வதா? பகல் சாப்பாட்டின்போது சொல்ல எண்ணி மேசையில் உட்கார்ந்தேன். அதற்குள் திருச்சியிலிருந்து சித்தியின் அழைப்பு. கூடத்தில் நின்று பேசினாள். வழக்கத்தை விடச் சத்தமாக.

"அவரு போயிட்டாரு சித்தி. வேற யாரையும் பாத்துக்கிட்டுப் போயிருப்பாரு. பொலிஸ்லயும் அப்படித்தான் சொன்னாங்க... இல்ல, நான் தேடல. விட்டுட்டேன். தேடுறதுக்கு என்னா இருக்கு?"

சோற்றை மூடி வைத்தேன்.

ஆக, அவள் நம்புவது அது. என் மகன் தன்னையும் பிள்ளையையும் விட்டு ஓடியவன். அந்தக் கோபம்தான் அவளைக் கிளம்ப வைக்கிறது. நான் டயரைக் காட்டினால் கோபம் போகும். கோபம் போனால் அவள் போகமாட்டாள். அவிசாவளைப் பொலிசுக்கு டயரை உருட்டிக்கொண்டு போகக்கூடியவள். ராகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண், என்னைப் போல் அல்ல. பிறகு பாடசாலைக்கு வந்த இருவர் வீட்டுக்கே வருவார்கள்.

சொல்லாவிட்டால் அவளும் பிள்ளையும் பத்திரம். ரவி விட்டு ஓடியவன், அவர்களுக்கு, என்றைக்கும்.

வெள்ளிக்கிழமை சொல்லலாம்.

யூன் 8, வெள்ளி

சொல்லவில்லை.

யூன் 9, சனி

வெயிலும் மழையும் மாறி மாறி. சுகந்தி நான்கு எலுமிச்சம்பழத்தோடு கொட்டிலுக்கு வந்தாள். "புது டயரு மாமா. நசுக்காம றோட்டுல எறக்கக் கூடாது." கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஏறினேன்.

மூன்று நசிந்தன. இடது பின்னது ஈரக் களியில் வழுக்கி முழுதாக வெளியே உருண்டது.

"தாத்தா, அது தப்பிச்சிருச்சு!" என்று கை தட்டினாள் ஆர்த்தி.

சுகந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் அதை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். காரைப் பின்னால் எடுத்தேன். நசிந்தது.

பிறகு பக்கத்து ஊர் றொசல்ல வரை ஓட்டம், மூவரும். முன் 32, பின் 35, குளிரில் அளந்தது. பழைய டயரில் ஒவ்வொரு குழியும் முள்ளந்தண்டில் அடிக்கும். இதில் மிதப்பது போல். சுகம்தான். ஆனால் வளைவில் பின்புறம் சற்றுப் பிந்தித் திரும்புகிறது, யாரோ பின்னால் சாய்ந்திருப்பது போல. நாங்கள் மூவர். நான்காவது ஆள் ஒருவரின் கனம். பெட்டிகள் இன்னும் ஏற்றவேயில்லை.

நிறுத்தி இறங்கி இடது பின்னை விரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு தரம். சுகந்தி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மொதல்ல அந்தத் தலகாணிய எடுங்க. சீட்ட முன்னுக்குத் தள்ளுங்க. புள்ளைய வெச்சிக்கிட்டு மலை எறங்கப் போறோம்."

"அது... அவன் வைச்சபடி."

"தெரியும் மாமா. தள்ளுங்க."

தள்ளினேன். இருக்கைத் தண்டவாளத்தில் மணல் இருந்தது போலும், அழுதுகொண்டு வந்தது. கண்ணாடியையும் திருப்பினேன். முதன்முறையாகப் பின் வீதி தெரிந்தது. வெறும் வீதி.

யூன் 12, செவ்வாய்

காலை நல்ல வெளிச்சம். கணக்கு.

ஹற்றன் நாலாயிரம் அடிக்கு மேல். கட்டுநாயக்கா கடல் மட்டம். கீழே வளிமண்டல அமுக்கம் கூட, ஆகவே அளவி ஏறக்குறைய 2 குறைத்துக் காட்டும். ஆனால் கீழே வெக்கை, அதனால் ஏறக்குறைய 2 கூடும். ஒன்றை ஒன்று சரிக்கட்டும். மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், நம்பவில்லை. நான்காம் தரம் நம்பினேன். இங்கே காலையில் வைப்பதைக் கீழே மாற்றத் தேவையில்லை. ஓடிச் சூடேறிக் கூடுவது வேறு, அதைத் திறந்து குறைக்கவும் கூடாது.

மூவர், ஒன்று சிறிது, நான்கு பெட்டி. கதவில் ஒட்டிய இரு வரிக்கும் இடையில்: முன் 33, பின் 39. முடிவு.

முடிவு என்று எழுதினேன். எழுதி முடித்தபின் தெரிந்தது: நான் பயப்படுவது இலக்கத்துக்கல்ல. பழைய டயரில் காற்றுப் போனாலும் ஓடலாம். இதில் நிற்க வேண்டும். எந்த இடமென்றாலும், பின்னால் யார் வந்தாலும்.

காற்றுக் குறைந்தால் எரியும் டயர் விளக்கு இன்னும் எரிகிறது. புதிய டயர் போட்டதும் விசையை அழுத்திப் பிடித்தால் அணையுமாம். கார் கையில் வந்த நாள் முதல் எரிகிறது. அது எரியத் தொடங்கியபோது பார்த்தவன் அவன். அழுத்தினேன். அணைந்தது.

யூன் 14, வியாழன்

மழை. பெட்டி கட்டுகிறார்கள். நாளை வேண்டியவை: அடையாள அட்டை, கடவுச்சீட்டுகள், கால் பம்ப், அளவி, பிள்ளைக்கு வாந்திக் குளிசை, முகர எலுமிச்சம்பழம்.

சுகந்தி கயிறு எடுக்கக் கொட்டிலுக்குப் போனாள். வர நேரமாயிற்று. போய்ப் பார்த்தேன். சாக்கு விலகியிருந்தது. டயரின் பக்கத்தில் நின்றாள்.

"இத ஏன் மாமா வீசல?"

"சும்மா. பூச்சட்டி வைக்கலாம்."

"ஓ" என்றாள். கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளங்கையில் கறுப்பு.

பூச்சட்டியாம். என் வாயிலிருந்து வந்தது.

யூன் 16, சனி

நேற்று மாலை திரும்பிவிட்டேன். உடம்பு முழுவதும் நோ. ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று விடிய வெளிக்கிட்டோம். கினிகத்தேனை இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர். வளைவில் பின்புறம் பிந்தவில்லை. 39 சரி. ஆர்த்தி ஒரு தரம் வாந்தி. கித்துல்கலையில் சோதனைச் சாவடி. சிப்பாய் பெட்டிகளைப் பார்த்தான், எங்கே போகிறோம் என்று சிங்களத்தில் கேட்டான். சுகந்தி பதில் சொன்னாள், சிரித்துக்கொண்டே. அவள் சிங்களம் நல்லது.

அவிசாவளை வரப்போகிறது என்று தெரிந்தே வேகத்தைக் கூட்டினேன். அந்த இரும்புக்கடையை அவள் கவனிக்காமல் தாண்டிவிட வேண்டும்.

"நிப்பாட்டுங்க மாமா."

"இதிலை நிக்கக்கூடாது பிள்ளை."

"காத்துப் பாக்கணும்னு நிப்பாட்டுங்க. யாரும் கேட்டா அதச் சொல்லுங்க."

நிறுத்தினேன். கடை இன்று திறந்திருந்தது. வாசலில் வாளியும் மண்வெட்டியும் தொங்கின. பிள்ளை பின் இருக்கையில் நித்திரை. நான் அளவியை எடுத்துக்கொண்டு இடது பின் சக்கரத்தில் குந்தினேன். 43. ஓடிய சூட்டுக்கு நான்கு. கணக்குப்படியே. அவளும் சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். பார்ப்பவர்களுக்கு டயர் பார்க்கும் இருவர்.

இனிச் சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. டயரைப் பார்த்தபடி சொன்னேன். உள்ளே தூள் கொட்டியது, காற்றில்லாமல் நெடுந்தூரம் ஓடியது, அவன் நிறுத்தவேயில்லை, ஹற்றன் பக்கம் பார்த்து நின்ற கார், எல்லாம். "அவன் உங்களை விட்டிட்டுப் போகேல்லை. வீட்டை வந்துகொண்டிருந்தவன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் மாமா."

"எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"ஓட்டிக்கிட்டே போன்ல கூப்பிட்டாரு. பின் டயருல காத்து இல்ல, ஆனா ஓடுது, நான் நிப்பாட்டலன்னாரு. புள்ளைய உள்ள கூட்டிக்கிட்டுக் கதவப் பூட்டுன்னாரு. அதோட கட்டாயிருச்சு. ஒங்ககிட்டச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"ஆனா நீ சித்தியிட்டைச் சொன்னாய்தானே, வேற ஆரையோ..."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வகுப்பில் மந்தமான பிள்ளையை நான் பார்ப்பது போல.

"அந்த போன்ல வேற எப்படி மாமா பேசுறது? கேக்கிறவங்க கேக்கட்டும்னுதான் கத்திப் பேசுனேன். நாங்க தேடல, கோவிச்சுக்கிட்டுப் போறோம்னு நெனைச்சாத்தான் போக விடுவாங்க."

இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்துவிட்டு, தொலைபேசியில் ஒருவர் சொன்னதை அப்படியே மனதில் உள்ளது என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் வெளியே வந்து, காற்றுப் போச்சா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, நல்லாயிருக்கிறது என்றாள் சுகந்தி. பம்ப் வேண்டுமென்றால் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். போன வருடம் ரவியின் கார் நின்ற அன்று மட்டும் கடையைப் பூட்டியிருந்தவர்.

எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. கை கொடுத்துத் தூக்கினாள். "அந்த டயர வீசிறாதீங்க. பூச்சட்டியும் வெக்காதீங்க. கண்டியில இந்த மாதிரி வழக்குப் பாக்குற சட்டத்தரணி அம்மா ஒருத்தங்க இருக்காங்க. நாங்க பிளேன் ஏறுனப்புறம் யோசிங்க. ஒங்களுக்குப் பயமா இருந்தா விட்டுருங்க மாமா. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்."

விமான நிலையத்தில் ஆர்த்தி என் சட்டைப் பையிலிருந்து அளவியை எடுத்து, தன் கன்னத்தை உப்பிக்கொண்டு அதில் வைத்து, "எனக்கு எவ்ளோ தாத்தா?" என்றாள். முப்பத்தொன்பது என்றேன். உள்ளே போய்விட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் பின்புறம் துள்ளியது. வெறும் காருக்கு 39 கூடுதல். ஓரிடத்தில் நிறுத்திக் குறைத்திருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை.

யூன் 17, ஞாயிறு

மூடுபனி. சித்தியின் வீட்டிலிருந்து அழைப்பு: வந்து சேர்ந்துவிட்டார்கள். நல்ல வெக்கையாம். அவ்வளவுதான் பேசினோம். இருவருமே சத்தமாக.

பகல் முழுவதும் ஒரு அலுவலும் இல்லை. கொட்டில் கதவை நான்கு தரம் திறந்து மூடினேன். சட்டத்தரணியிடம் போனால் என்ன கேட்பார்கள்? டயரை ஏன் கழற்றினாய், யார் முன்னிலையில், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை. போகாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவள் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றாள். நினைக்கமாட்டாள்தான்.

தூள் கொஞ்சம் இன்னும் டயருக்குள் ஒட்டியிருக்கிறது. அது உதிராமல் இருக்க ஒரு பழைய படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டினேன். கட்டி முடித்தபின் பார்க்கச் சகிக்கவில்லை. அவிழ்த்து, உரச்சாக்கில் போட்டேன்.

யூன் 18, திங்கள்

குளிர். மழை இல்லை. டயர் குளிர்ந்திருக்கையில் அளந்தேன்: முன் 33, பின் 39. ஒரு ஆள், ஒரு டயர். பின்னைக் குறைத்து 35. தலவாக்கலை வழி வேண்டாம். கினிகத்தேனையில் பிரிந்து நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி.

டயரைத் தூக்கி டிக்கியில் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், பழைய டயரைக் கொண்டு எங்க போறீங்க?"

காற்றுப் பார்க்க என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"மகன்ரை விசயமாக் கண்டிக்கு" என்றேன். "ஒரு கை பிடிக்கிறீங்களா?"

பிடித்தார்.